சங்கிலி தொடாத காடு

பழங்காநத்தத்துக்குத் தெற்கே, யுத்த ஏரோப்ளான் இறங்குவதற்காகச் சர்க்கார் கேட்ட தன் சோளக்காட்டின் கடைசி எல்லைக்கல் மேல் அழகம்மாள் ஏறி நிற்கிறாள். விடிந்ததிலிருந்து நிற்கிறாள். அளக்க வருகிறவர்கள் இந்தக் கல்லில் வைத்துத்தான் சங்கிலியை இழுக்க வேண்டும். தான் இறங்காதவரை காட்டை யாரும் அளக்க முடியாது என்று நம்புகிறாள். வெயில் ஏறிவிட்டது. பால் பிடிக்காத கதிர்களுக்கு மேலே அவளுடைய சிவப்புக் கண்டாங்கி மட்டும் படபடக்கிறது. "சங்கிலியத் தூக்கிக்கிட்டு எவனாச்சும் வாங்கடா, பாப்போம்!" என்று தூரத்துச் சாலையைப் பார்த்துக் கத்துகிறாள். சோளத்தட்டைகளின் உரசலில் அந்தக் குரல் பாதி வழியிலேயே அமுங்கிப் போகிறது.

சாலையோரப் புளியமர நிழலில் சர்வேயர் லூர்துராஜ், முக்காலி மேல் கிடத்திய நீளக் குழாயில் கண்ணை வைத்திருக்கிறார். இருந்த இடத்திலிருந்தே தூரத்தைச் சொல்லிவிடும் தூரமானி அது, பட்டாளத்திலிருந்து வந்தது. ஒரே பச்சையாகக் கிடக்கும் காட்டில் குறி பிடிபடாமல் காலையிலிருந்து தவித்தவர், இப்போது பித்தளைத் திருகை மெல்லத் திருப்புகிறார். கண்ணாடிக்குள் இடுப்போடு வெட்டுண்டு இரண்டாக விலகி நிற்கும் ஒரு பெண், நகர்ந்து நகர்ந்து ஒன்றாகப் பொருந்துகிறாள்.

"அந்தம்மாவ எறங்கச் சொல்லட்டுமாய்யா?" என்கிறார் சங்கிலியோடு நிற்கும் மொக்கையன்.

"சொல்லிராதய்யா. அந்தச் சேலைய வச்சுத்தான் எல்லையப் பிடிச்சேன்."

தூரத்தை நோட்டில் குறித்ததும் தூரமானி பெட்டிக்குள் போகிறது. பிரிக்காத சங்கிலி வண்டிக்குள் விழுகிறது. வண்டி திரும்புவதைக் கல் மேலிருந்து பார்த்த அழகம்மாள், காட்டுக்குள் நிற்கும் புருசனைப் பார்த்துக் கை இரண்டையும் தூக்கிக்கொண்டு சிரிக்கிறாள்.

"ஓடிட்டாய்ங்க!"