கூட்டுக் கோரிக்கை

2025 பிப்ரவரி 8, சனிக்கிழமை. பொள்ளாச்சி–உடுமலை சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் ஏழு நகராட்சித் தலைவர்கள் கூடியிருந்தார்கள். பகல் பன்னிரண்டு மணி வரை எதுவும் முடிவாகவில்லை.

அடுத்த மாதம் சட்டசபையில் பட்ஜெட் கூட்டத்தொடர். போன வருடம் ஒத்துப்போகாமல் சண்டை போட்டு ஆளுக்கொரு மனு கொடுத்து, ஏழு மனுவும் கோட்டையில் எங்கோ தூங்கின. இந்த முறை ஏழு ஊரும் சேர்ந்து ஒரே ஒரு கூட்டுக் கோரிக்கை கொடுப்பதாக ஏற்பாடு.

அந்த ஒன்று எது என்பதில் கூட்டமைப்பின் தலைவர் தனபாலுக்குச் சந்தேகமே இல்லை. அவர் ஊருக்குச் சுற்றுச்சாலை. அது வராவிட்டால் அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று ஊரில் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்கள்.

மற்ற ஆறு பேருக்கும் இதே போல ஆளுக்கொன்று இருந்தது. கோபாலசாமிக்குக் குப்பைக் கிடங்கு, இன்னொருவருக்குப் பேருந்து நிலையம், வேறொருவருக்குத் தெருநாய். எல்லோரிலும் இளையவளான லோகப்பிரியாவின் ஊரில் பத்து நாளைக்கு ஒரு முறைதான் குழாயில் தண்ணீர் வருகிறது, அவளுக்குக் குடிநீர்.

“தண்ணி எங்கீங்க அம்மணி ஓடிப்போகுது? அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்று காலையிலேயே தனபால் அவளை உட்காரவைத்துவிட்டார். அவளும் சரிங்கண்ணா என்று சொல்லிவிட்டு, அன்றைய ஏற்பாடுகள் அவள் பொறுப்பு என்பதால், மைக் வந்ததா, சாப்பாடு எந்த மட்டில் இருக்கிறது என்று கீழே போய்ப் பார்த்து வந்தாள்.

மேலே சண்டை மரியாதை குறையாமல் நடந்துகொண்டிருந்தது.

“உங்க சுத்துச்சாலை எங்கியுமே சுத்தலீங்களே. நேரா உங்க மச்சான் தோப்புக்குத்தானுங்க போகுது” என்றார் கோபாலசாமி.

“உங்க குப்பைய இப்பவே எங்க ஊர் எல்லையிலதானுங்க கொட்டறீங்க. அப்பறம் கிடங்கு எதுக்குங்க?” என்றார் தனபால்.

அப்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கண்ணாடி, சட்டைப் பையில் பேனா. லோகப்பிரியாதான் முதலில் பார்த்தாள். சட்டென்று எழுந்து கைகூப்பினாள்.

தனபால் அவசரமாகத் துண்டைச் சரிசெய்துகொண்டார். கூட்டத்துக்கு ஆள் சேர வேண்டுமே என்று, சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்து கவனிப்பார் என முந்தின நாள் புரளி கிளப்பியவரே அவர்தான். புரளி இப்போது பேனாவோடு வந்து நிற்கிறது.

ஏழு பேரும் எழுந்து நின்றார்கள். வந்தவரைப் பார்த்து நீங்க யாருங்க என்று கேட்பது மரியாதையாக இராது. ஆகவே யாரும் கேட்கவில்லை.

நாற்காலி போட்டார்கள். உட்கார நேரமில்லை, கீழே ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று அவர் மறுத்துவிட்டார்.

“கூட்டு என்னன்னு முடிவு பண்ணீட்டீங்களா?” என்றார்.

“ஏழு இருக்குதுங்க ஐயா” என்றார் தனபால்.

“ஏழெல்லாம் ஆகாதுங்க. ஒண்ணு சொல்லுங்க, ஒரு மணிக்குள்ள முடிச்சுக் குடுத்தர்றேன்.”

இத்தனை வருட அரசியலில் ஓர் அதிகாரி இப்படிச் சொல்லித் தனபால் கேட்டதில்லை. சுற்றுச்சாலை என்று சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் கோபாலசாமி லேசாகச் செருமினார். மச்சானின் தோப்பு நினைவுக்கு வந்து, தனபால் எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

“எல்லாத்துக்கும் ஒத்துக்கறதாப் பாத்துச் சொல்லுங்க. போன தடவ ஒருத்தருக்கு ஒத்துக்காம பெரிய பேச்சாப் போச்சு” என்றார் வந்தவர்.

போன வருடத்துச் சண்டை கோட்டை வரைக்கும் தெரிந்திருக்கிறது. தனபால் மற்ற ஆறு பேரையும் ஒரு முறை பார்த்தார்.

“தண்ணி எல்லாத்துக்கும் ஒத்துக்குமுங்கண்ணா” என்றாள் லோகப்பிரியா, மெதுவாக.

ஓர் அதிகாரியின் முன்னால் தண்ணீர் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தனபால் கையைத் தூக்கினார். அவர் தூக்கியதைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள்.

ஏழு ஊருக்கும் சேர்த்துக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று தீர்மானம் எழுதி, ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். லோகப்பிரியா அதைச் செல்போனில் படமெடுத்தாள்.

“துறைக்கும் பத்திரிகைக்கும் அனுப்பிப்போட்டேனுங்கண்ணா” என்றாள்.

தனபால் தீர்மானத்தை இரண்டு கைகளாலும் பிடித்து வந்தவரிடம் நீட்டினார். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை நிதானமாகப் படித்தார். படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“தண்ணி சரிங்க. கூட்டுக்குப் பூசணியா, சொரக்காயா? அடுப்பு சும்மா எரிஞ்சிட்டிருக்குது.”

தனபால் மெல்லத் திரும்பி லோகப்பிரியாவைப் பார்த்தார். அவள் செல்போனைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள்.

“பூசணியே போட்டுருங்க பெரியப்பா.”