லாக்கரில் வைத்த மனசு

கம்பெனியில் சேரும் அன்றே மனசைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட வேண்டும். அப்போதுதான் வேலை ஓடுமாம். என் வீட்டுக்காரர் மாசிலாமணி இருபத்தைந்து வயதில் வைத்தார். மறுநாள்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், எல்லாவற்றையும் சொன்ன தேதிக்கு முடித்துக் கொடுத்தார்.

ஐம்பத்தைந்தில் ஓய்வு. ‘இனி உங்களுக்காக வாழுங்கள்’ என்று மாலை போட்டு, மனசை மாட்டி அனுப்பினார்கள். சும்மா சொல்லக் கூடாது, வைத்த அன்றைக்கு இருந்தபடியே இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

வந்தவர் தலையைச் சீவிக்கொண்டு சோபா நுனியில் உட்கார்ந்தார். முகத்தில் அப்படியொரு வெட்கம். நானும் ஆசையாகப் பட்டுப்புடவை கட்டி, காபி கொண்டுபோனேன். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“பொண்ணு வரலையா ஆன்ட்டி?”

“காபியைக் குடிங்க தம்பி. அவ ரொம்ப வருஷம் காத்திருந்து பார்த்துட்டுப் போயிட்டா.”