சித்தியின் கோப்புகள்

சித்தியின் கோப்புகள் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. எண்ணிப் பார்த்தால் இருநூற்றுப் பதினைந்து இருந்தன.

சல்லடை மறுபடி எண்ணினாள். எந்தப் பிழையும் அவளைத் தாண்டிப் போகாது என்பதால் அலுவலகத்தில் வைத்த பெயர் அது. அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

மறுபடியும் இருநூற்றுப் பதினைந்து. சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையிலும், சித்தி என்ற பெயருக்கு நேரே அதே எண்தான் மின்னிக்கொண்டிருந்தது.

சித்தி என்று ஒருத்தி கிடையாது. சோதனை அறையின் மூலையில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்பின் பெயர் அது. புதிய ஆபரேட்டிங் சிஸ்டம் வெளிவரும்போதெல்லாம் முதலில் அதில்தான் ஏற்றிப் பார்ப்பார்கள். காலிக் கணினியில் ஏற்றுவது பெரிய காரியமில்லை. ஒருத்தர் வருஷக்கணக்காகப் புழங்கிய கணினியில், ஒரு போட்டோகூடக் காணாமல் போகாமல் ஏற்ற வேண்டும். அதற்கு அப்படிப் புழங்கிய ஒருத்தர் வேண்டுமே.

அதனால் சல்லடை எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்தியை உண்டாக்கினாள். சொந்தத்தில் அப்படிக் கூப்பிட யாரும் இல்லாதவள். ஆசை தீரப் பெயர் வைத்துக்கொண்டாள்.

சித்திக்குக் கடற்கரை போட்டோ பன்னிரண்டு உண்டு, அதில் ஒன்பது கோணல். மளிகைப் பட்டியல்கள், கண் டாக்டர் சீட்டு, இரண்டாம் அத்தியாயத்தில் நின்றுபோன ஒரு நாவல். கோபத்தில் எழுதி அனுப்பாமலே வைத்த கடிதங்கள் மூன்று. மூன்றும் நாத்தனாருக்கு.

நாளைக் காலை பத்து மணிக்குப் புதிய பதிப்பு வெளியாக வேண்டும். சித்தியிடம் ஒன்று குறைந்தாலும் வெளியாகாது, ஒன்று கூடினாலும் ஆகாது. ஊரார் கணினியில் கேட்காமலே எதையாவது எழுதி வைக்கிற சிஸ்டத்தை யார் வெளியே விடுவார்கள்? ஒரு வாரமாவது தள்ளிப்போகும். இருபது பேர் எட்டு மாதம் ராப்பகலாக உழைத்தது.

மேலாளர் கதவிடுக்கில் தலையை நீட்டினார். "என்னம்மா, தேறிச்சா?"

"கூடுதலா ஒரு ஃபைல் இருக்கு சார். என்னன்னு பாத்துட்டு சொல்றேன்."

அவர் முகம் சுண்டிவிட்டது.

எதிர் மேசைக்காரன் தலை நிமிரவில்லை. பழைய சிஸ்டத்திலிருந்து புதியதற்குக் கோப்புகளைக் கொண்டுவந்து சேர்க்கும் பகுதியை எழுதியவன் அவன். பிழை என்றால் அவன் தலையில்தான் விடியும். வழக்கமாக சல்லடை "ம்" என்று இழுத்தாலே நாற்காலியோடு உருண்டு வந்துவிடுவான். இன்று காது மட்டும் சிவந்திருந்தது.

பட்டியலை வைத்து ஒவ்வொரு பெயராக ஒத்துப் பார்த்தாள். நாத்தனார் கடிதங்களுக்குக் கீழே பிடிபட்டது. நான்காவதாக ஒரு கடிதம். தேதி, வெள்ளிக்கிழமை மாலை. அவள் கணக்கெடுத்தது வெள்ளிக்கிழமை மதியம். இன்று இருந்த அவசரத்தில், ஏற்றுவதற்கு முன் இன்னொரு தடவை எண்ணவில்லை.

ஆக, சிஸ்டம் எந்தத் தப்பும் செய்யவில்லை. யாரோ கை வைத்திருக்கிறார்கள். சித்தியின் பாஸ்வேர்ட் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி அவள், இன்னொருத்தன் எதிர் மேசைக்காரன்.

அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. விளையாட இடம் கிடைக்கவில்லையா இவனுக்கு? எல்லோர் எதிரிலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டே கடிதத்தைத் திறந்தாள்.

'சித்திக்கு வணக்கம். உங்கள் கோப்புகளை ஆறு முறை பத்திரமாக இடம் மாற்றியவன் நான். ஒன்றையும் தொலைத்ததில்லை. உங்கள் வீட்டில் யாரிடம் வந்து பேசுவது என்று போன மாதம் அவளிடம் கேட்டேன். எனக்கு யார் இருக்கா, சித்தி ஒருத்திதான் என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அதனால் முறைப்படி உங்களிடமே கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பெண்ணை எனக்குக் கட்டிக்கொடுப்பீர்களா? அவளுக்கு இஷ்டமில்லை என்றால் இந்தக் கடிதத்தை அழித்துவிடச் சொல்லுங்கள். கணக்கும் சரியாகிவிடும், நானும் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.'

இரண்டாவது தடவை படித்தபோது கோபம் போன இடம் தெரியவில்லை. கண் கலங்கியது, கூடவே சிரிப்பும் வந்தது. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று திரைக்கு இன்னும் கிட்டே போய் உட்கார்ந்தாள். இத்தனை சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே அவளுக்குத் தெரியவில்லை.

முதலில் மேலாளரிடம் போனாள். கூடுதல் கோப்பு கையால் வைத்தது, சிஸ்டத்தின் வேலையில்லை, வெள்ளிக்கிழமை பட்டியலில் உள்ளது உள்ளபடி இருக்கிறது, பதிப்பு தேறிவிட்டது என்றாள். யார் வைத்தது என்று அவர் கேட்கவில்லை. போன உயிர் திரும்பி வந்த மாதிரி, மற்றவர்களிடம் சொல்ல ஓடினார்.

வெளியே கைதட்டலும் கூச்சலுமாகக் கேட்டது. எதிர் மேசைக்காரன் மட்டும் அசையவில்லை. சுவர்த் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சல்லடை தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தட்டினாள், எதையோ அழித்தாள், மறுபடி தட்டினாள்.

திரையில் சித்தியின் எண் மாறியது.

அவன் பயந்துகொண்டிருந்தது இருநூற்றுப் பதினான்குக்கு. வந்தது இருநூற்றுப் பதினாறு.

நாற்காலியோடு உருண்டு வந்தான். அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.