மூன்றாம் ஃப்ரெட்

மறுபடியும் கரகரத்தது.

கிடாரின் தடித்த தந்தி. மூன்றாம் ஃப்ரெட், கழுத்தில் மூன்றாவது உலோகக் கட்டை. அந்த ஒரே ஓர் இடம்.

விரலை எடுத்தான். வைத்தான். மீட்டினான்.

கர்ர்.

மற்ற எல்லா இடத்திலும் பேஸ் கிடார் ஒழுங்காகத்தான் பேசியது. பலா மரத்தில் அவனே இழைத்து இழைத்துச் செய்த உடல். கழுத்தை மட்டும் சென்னையிலிருந்து வரவழைத்திருந்தான். சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பழசு, தூத்துக்குடியில் பேரம் பேசி வாங்கியது. படுக்கையறையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவேதான் அதற்கு இடம் கிடைத்தது. மெத்தையெல்லாம் மரத்தூள் என்று அவன் மனைவி ஜெபா முன்னறைக்குப் பாயைக் கொண்டுபோய் ரொம்ப நாளாயிற்று.

சாயங்காலம் ஸ்டான்லி அண்ணாச்சி வருகிறார். பாளையங்கோட்டையில் கல்யாணக் கச்சேரி என்றால் அவர் குழுதான். அவருடைய பேஸ்காரன் மஸ்கட்டுக்குப் போய்விட்டான். அந்த இடத்துக்காக இவன் எத்தனை வருஷம் ஏங்கிக் கிடந்திருக்கிறான். இன்று வாசித்துக் காட்டினால் ஞாயிற்றுக்கிழமையே மேடை.

இன்றைக்குப் பார்த்தா இது கரகரக்க வேண்டும்.

போன மாதம் முதல் தடவை மாட்டி வாசித்தபோது இந்தச் சத்தம் இல்லை. மழைதான் காரணம். ஈரத்தில் கழுத்து வளைந்திருக்கும். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைச் சாவி போட்டுக் கொஞ்சம் முறுக்கினான்.

கர்ர்.

திருப்பி அவிழ்த்தான்.

கர்ர்.

தந்தியை மயிரிழை உயர்த்தினான். இன்னொரு மயிரிழை. விரல்தான் வலித்தது. தந்தியையே கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போட்டான்.

அதே சனியன்.

தண்ணீர் குடிக்க எழுந்தான். பாதி வழியில் திரும்பி வந்தான். இருப்புக்கொள்ளவில்லை.

ஒயரைப் பிடுங்கிவிட்டு வெறும் கிடாரை மீட்டினான். சுத்தம்.

அப்படியானால் கிடார்மேல் தப்பில்லை. பாவம், அதன் கழுத்தைப் போட்டு இந்த முறுக்கு முறுக்கிவிட்டோமே என்றிருந்தது. ஆம்ப்தான் திருடன். பின்பலகையைத் திறந்து ஸ்பீக்கர் திருகுகளை ஒன்று விடாமல் இறுக்கினான்.

கர்ர்.

ஆத்திரத்தில் ஆம்பை முன்னறைக்கு இழுத்துக்கொண்டு போனான். மாட்டினான். மீட்டினான்.

திண்ணென்று ஒரு நாதம். தரை வழியாக உள்ளங்காலுக்கு வந்தது. கரகரப்பு இல்லவே இல்லை.

அங்கேயே வைத்து வாசித்துக் காட்டியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இவனுக்குச் சோறு இறங்காது. புத்தி அப்படி.

திரும்ப இழுத்துக்கொண்டு வந்தான்.

படுக்கையறைக்குள் ஏதோ ஒன்று இந்தச் சுரத்துக்குக் கூடவே ஆடுகிறது.

இடது விரலால் தந்தியை ஓங்கி அழுத்தினால் போதும், நாதம் எழும். வலது கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். ஜன்னல் கம்பி. இல்லை. கல்யாணப் போட்டோ. இல்லை. கட்டில். இல்லை.

பீரோ.

கதவில் உள்ளங்கை பட்டதும் சத்தம் மாறியது.

அகப்பட்டாயா என்று சிரித்தேவிட்டான்.

சாவி பூட்டிலேயே தொங்கியது. இதுதான் ஆடுகிறது என்று உருவி எடுத்தான். அழுத்தினான்.

கர்ர்.

உள்ளேயிருந்து வந்தது.

கைப்பிடியைத் திருகித் திறந்தான்.

ஹேங்கர்கள்.

வரிசையாகக் கம்பி ஹேங்கர்கள். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தன.

சேலை ஒன்றுகூட இல்லை. கல்யாணப் பட்டு இல்லை. மேல்தட்டில் அவளுடைய சர்ட்டிபிகேட் ஃபைல் இல்லை.

அவன் துணிகள் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குபவை. பீரோவை அவன் திறப்பதே கிடையாது.

நாலு நாள் உடன்குடிக்கு, அம்மா வீட்டுக்கு என்றுதான் போனாள். மூன்று வாரம் இருக்கும். அன்றைக்கு இவன் கிடாருக்குள் விட்டுப்போன ஒயரைத் திரும்பப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். ஈயம் உருகி இறங்கும் நேரம், தலையை நிமிர்த்தினால் போச்சு. எத்தனை பெட்டி என்று பார்க்கவில்லை. வாசலில் ஆட்டோ நின்றது மட்டும் கேட்டது.

போகும்போது ஒன்று சொன்னாள்.

"பீரோவப் பூட்டல. ஒருக்கா தொறந்து பாத்துக்கிடுங்க."

சரி சரி என்றிருந்தான்.

பிறகு போனில் பேசும்போதெல்லாம், வேறு ஒன்றும் இல்லையா என்று கேட்பாள். இவன் கிடார் எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று சொல்வான். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுவாள்.

கையை நீட்டி ஹேங்கர்களைச் சேர்த்துப் பிடித்தான். சில்லென்றிருந்தன. இடது விரல் தானாகத் தந்தியை அழுத்தியது.

சுத்தமான நாதம். இதற்காகத்தான் மத்தியானத்திலிருந்து உயிரை விட்டான்.

கையை எடுத்தான்.

கர்ர்.

பிடித்தான். விட்டான்.

தெருவில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"என்னடே, ரெடியா?" ஸ்டான்லி அண்ணாச்சியின் குரல்.

ஆம்பை அணைத்தான். சிவப்பு விளக்கு போயிற்று. கிடாரை மரத்தூள் கிடந்த கட்டிலில் படுக்க வைத்தான். பீரோவைச் சாத்தவில்லை.

ஆணியிலிருந்து ஒரு சட்டையை உருவி மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான். அண்ணாச்சி செருப்பைக் கழற்றக் குனிந்துகொண்டிருந்தார்.

"கழட்டாதிய அண்ணாச்சி. என்னையக் கொஞ்சம் பஸ் ஸ்டாண்டுல கொண்டு விட்டுருதியளா?"