ஊதாக் குடை, மஞ்சள் வால்

கடற்கரைக் கண்காணிப்பு அறையில் காலை பத்து மணிக்கு ஃபோன் அடித்தது.

“சார், தெற்குக் கோடியில ஒரு ஜெல்லி மீன். ஊதாக் குடை, மஞ்சள் வால்.”

கண்காணிப்பாளர் சுவரில் இருந்த ஜெல்லி மீன் படங்களைப் பார்த்தார். அப்படி ஒரு இனமே இல்லை. குளிக்கிறவர்களைக் கொட்டிவிட்டால்? புது இனமாக இருந்து, அவர் பெயரையே வைத்துவிட்டால்? தொப்பையைத் தூக்கிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் மணலில் நடந்தார். வழக்கம்போல அங்கே ஒரு மண்ணும் இல்லை. ஒரு மாதமாக இதே கூத்துதான்.

சாயங்காலம் மனைவியோடு டாக்டரிடம் போனார்.

“சர்க்கரை நல்லா இறங்கியிருக்கே. நடக்கவே மாட்டேன்னு அடம் பிடிச்சீங்களே?”

“எவனோ பொய் சொல்லி என்னை நாயா அலைய விடறான் டாக்டர். கையில கிடைச்சா தோலை உரிச்சிடுவேன்.”

“சரி, உள்ளே போய் எடை பாருங்க.”

திரைக்குப் பின்னால் எடை மெஷினில் ஏறினார். முள் போன மாதத்தைவிட ஏழு கிலோ குறைத்துக் காட்டியது. வெளியே மனைவி கிசுகிசுப்பது காதில் விழுந்தது.

“இனிமே உங்க கம்பவுண்டர் ஃபோன் பண்ண வேண்டாமா, டாக்டர்?”

“இன்னும் ஒரு மாசம் பண்ணட்டும்மா. ஊதா அலுத்துப்போச்சு. நாளைக்கு வடக்குக் கோடியில பச்சைப் புள்ளி வச்சது ஒண்ணை விடலாம்.”

“வடக்கு வேண்டாம் டாக்டர், அங்க ஒரே பாறை” என்றது திரை.