ஆறாவது அபூர்வத் தொகுப்பு

சத்தியம். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. வேண்டுமானால் கற்பூரம் ஏற்றுங்கள், உள்ளங்கையால் அணைக்கிறேன்.

அவர் இசைத்தட்டுக் கடையில் உட்கார்ந்து ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார்.

இசைத்தட்டின் இரண்டாம் பக்கம். கடைசிப் பாட்டு.

பாட்டு என்று சொன்னால் அதற்கே கூச்சமாக இருக்கும்.

‘ஏழாம் நடைமேடை’ ராக் குழு உயிரோடு இருந்தபோது போட்டது இரண்டே இசைத்தட்டு. கலைந்த பிறகு கம்பெனி போட்ட அபூர்வத் தொகுப்புகள் ஆறு. முதலாவதில், வேண்டாமென்று ஒதுக்கிய பாட்டுகள். அடுத்ததில் ஒத்திகை. அப்புறம், கிடாருக்குச் சுதி சேர்ப்பது. நான்காவதில் பாடகர் டீயில் சர்க்கரை இல்லையென்று கத்துகிறார். ஒரு பத்திரிகை அதற்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தது. ஐந்தாவதில் தும்மல். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் அந்தத் தும்மலுக்குப் பையன்கள் எழுந்து நிற்கிறார்கள்.

எல்லாவற்றிலும் அவர் தன்னைத் தேடினார்.

பாட்டுக்கு அடியில் கனமாக நடந்துபோகும் பேஸ் கிடார். அதுதான் அவர்.

அகப்படவில்லை.

“கம்பெனிக்காரன் அமுக்கிட்டான்” என்பார். ஒவ்வொரு தொகுப்புக்கும் சொன்னார். மச்சான்கள் சிரித்தார்கள்.

மனைவி ஃப்ளோரா சிரித்ததில்லை. அந்தக் குழுவில் வாசித்தவர் என்று சொல்லித்தான் அவளைப் பெண் கேட்டிருந்தார்.

அலமாரியில் இனி தூசுதான் பாக்கி என்று கம்பெனி அறிவித்துவிட்டது. இந்த ஆறாவதிலும் இல்லையென்றால், அவர் எங்கேயும் இல்லை.

புரசைவாக்கத்துக் கடைக்காரர் சையத் கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தார்.

“என்ன சார், இந்தத் தடவையாவது ஆள் மாட்டினாரா?”

அவர் ஹெட்ஃபோனை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

பக்கத்து ஸ்டூலில் ஃப்ளோரா. அவள் தலையிலும் ஒரு ஹெட்ஃபோன், புடவைத் தலைப்புக்கு மேலேயே.

டிரம்ஸ். கிடார். யாரோ இருமுகிறார். யாரோ கதவைச் சாத்துகிறார்.

ஊசி நடுவை நெருங்கிக்கொண்டிருந்தது.

அவள் அவர் முழங்கையைத் தொட்டாள்.

“அடியில உம்முன்னு ஒண்ணு ஓடுதே. இதுதானங்க நீங்க?”

அது சீலிங் ஃபேன்.

பதிவு நடக்கும்போது ஸ்டுடியோவில் ஃபேனை நிறுத்திவிடுவார்கள். ஒத்திகைக்கு நிறுத்துவதில்லை.

அவர் அவளைப் பார்த்தார். கூடப்பிறந்தவர்களோடு இவருக்காகச் சண்டை போட்டுப் போட்டுப் பிறந்த வீட்டுப் பக்கமே போகாமல் ஆன முகம்.

“ஆமா” என்றார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு லேசாகப் பிரிந்தது.

“எவ்வளவு நிதானமா வாசிச்சிருக்கீங்க.”

யாரும் கேட்காமலே சையத் ஊசியைத் தூக்கி அதே பாட்டின் தொடக்கத்தில் மறுபடி வைத்தார்.

ஃபேன் சுற்றியது.

அவள் அதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவர் தன் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஏழாம் நடைமேடையில் பேஸ் கிடாரே இருந்ததில்லை.