நடுக்கம் தெரியாத பிடி

கோல்ஃப் மட்டையைக் கடைக்காரரிடம் நீட்டினார் வந்தவர். "குழிகிட்ட போனாலே கை நடுங்குது. முழத் தூரத்துப் பந்தைக்கூடக் கோட்டை விடறேன். கூட வேலை செய்யறவங்க முன்னாடி மானம் போகுது."

"தடிமனான பிடி போட்டா மணிக்கட்டு அசையாது சார். நடுக்கம் யாருக்கும் தெரியாது."

"நிச்சயமா தெரியாதுல்ல? மாட்டி வைங்க, நாளைக்கு வர்றேன்."

"நாளைக்குக் கடை லீவு. இப்பவே மாட்டித் தந்துடறேன்."

வேலை முடிந்ததும், "இந்தப் பேருக்குப் பில் போடுங்க" என்று கார்டைக் கொடுத்தார் வந்தவர்.

கடைக்காரர் அதை மூக்கருகே கொண்டுபோய் எழுத்துக் கூட்டிப் படித்தார். ஆஸ்பத்திரியில் அவருக்குத் தந்த சீட்டிலும் இதே பெயர்தான். நாளைக் காலை கடைக்காரருக்குக் கண்புரை ஆபரேஷன்.

கார்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"டாக்டர்... உங்க கத்திக்கும் ஒரு பிடி மாட்டித் தரட்டுமா?"